கல்லும் ஆளும் போகிற பாதை

பெரம்பலூர்

சென்னையிலிருந்து திருச்சி போகிறவர்கள் பெரம்பலூரைக் கடந்திருப்பார்கள், பார்த்தவர்கள் குறைவு. நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் புறவழியில் ஓடுகிறது. தொலைதூரப் பஸ்கள் பல, நான்கு ரோட்டில் ஆளையும் மூட்டையையும் இறக்கிவிட்டுத் தெற்கே போய்விடுகின்றன. காலையில் அங்கே இறங்கியதும் கண்ணில் பட்டது சாலையோரம் விரிந்து கிடந்த மஞ்சள். தை மாதக் கடைசி, மக்காச்சோளம் அறுத்து முடிந்த நேரம். சர்வீஸ் ரோட்டில் பாதி அகலத்துக்குச் சோளத்தைக் கொட்டி, சுற்றிலும் கருங்கல்லும் முள்ளுக்கிளையும் வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். ஓர் அம்மா வெறுங்காலால் அளைந்து அளைந்து சோளத்தைப் புரட்டிக்கொண்டே நடந்தார்.

“வண்டி ஏறிடாதாம்மா?”

“ஏறும். போன வருசம் கார் ஒண்ணு ஏறி ரெண்டு மூட்டை போச்சு. களம் இருந்தா நான் எதுக்கும்மா ரோட்டுல கொட்டறேன்?”

தமிழ்நாட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் அதிகம் விளையும் மாவட்டங்களில் ஒன்று இது. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் எங்கெங்கோ போகிறது. நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை இருக்கிறது. இவ்வளவு பொருள் வெளியே போகிற ஊரில், ரயில் நிலையம் மட்டும் இல்லை. 1995 நவம்பர் 1ஆம் தேதி திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது பெரம்பலூர். அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குத் தண்டவாளம் போடச் சொல்லி மக்கள் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அந்தப் பாதை பேச்சில் வரும்.

நான் சென்னைக்காரி. தெருமுனைக்குப் போனால் பஸ் வரும், வராவிட்டால் மின்சார ரயில், அதுவும் பிடிக்காவிட்டால் மெட்ரோ. 2025இலிருந்து தாழ்தள மின்சாரப் பஸ்களும் ஓடுகின்றன. முன்பு ஐரோப்பாவில் சில நகரங்களைப் பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றிப் பார்க்க வாய்த்தது. சொந்த வண்டி இல்லாதவர்கள் நிம்மதியாக நடமாடுவதற்கென்று ஒரு கண்டமே சேர்ந்து சட்டம் போடுவதை அங்கே கண்டேன். நம் ஊரில், பஸ்ஸை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு நிலத்தில், அதே ஆசை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்று தோன்றியது. பெரம்பலூரிலிருந்து கிழக்கே, கங்கைகொண்ட சோழபுரம் வரை, அங்குள்ளவர்கள் எதில் போகிறார்களோ அதிலேயே போவது என்று கிளம்பினேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் கம்மங்கூழ். மோர் விட்டுக் கரைத்து, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் வறுத்த மோர்மிளகாயும் தந்தார் வண்டிக்காரர். வெங்காயத்தைக் கடித்ததும் காரம் மூக்குக்கு ஏறியது. “செட்டிகொளத்துதுங்க, அப்படித்தான் இருக்கும்” என்றார், தானே விளைவித்த பெருமையோடு.

குன்னம்

முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அவர் பார்க்காமல் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரேஷன் கார்டு கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை, ஏழையா என்று விசாரிக்கவில்லை. 2021 மே 8ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் இப்படித்தான் போகிறார்கள். பின்னர் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது கிடைத்தது. விடியல் பயணம் என்று பெயர். கிழிக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கட்டுகிறது.

லக்சம்பர்க் 2020 மார்ச் 1ஆம் தேதி, நாடு முழுவதும் பஸ், டிராம், ரயில் எல்லாவற்றிலும் கட்டணத்தை எடுத்துவிட்டது. முதல் வகுப்பு ரயில் பெட்டிக்கு மட்டும் காசு. ஒரு நாடு முழுக்க இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. எஸ்தோனியாவின் தலைநகர் தாலின், தன் ஊர்வாசிகளுக்கு 2013இலேயே செய்துவிட்டது. ஜெர்மனி 2022 கோடையில் மூன்று மாதங்களுக்கு மாதம் 9 யூரோவில் நாடெங்கும் போகலாம் என்று திறந்துவிட்டு, 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்கு நிரந்தரச் சீட்டைக் கொண்டுவந்தது. விலை பிறகு ஏறியிருக்கிறது. அங்கெல்லாம் இதைக் காலநிலைக்கான நடவடிக்கை என்று கொண்டாடினார்கள். நம் ஊர் இளஞ்சிவப்பு பஸ்ஸை யாரும் அந்த வரிசையில் வைத்துப் பேசி நான் கேட்டதில்லை. வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பஸ்ஸில் அறுபது பேர் போவதைவிடக் குறைந்த புகையில் அறுபது பேரை நகர்த்த இந்த நிலத்தில் வேறு வழி இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நூறுநாள் வேலைக்குப் போகாத நாட்களில் பெரம்பலூரில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர். “முன்னல்லாம் போவ வர ரூபா போனா கையில என்னா நிக்கும்? வாரத்துல ரெண்டு நா போவேன். இப்ப தெனம் போறேன்” என்றார். மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகச் சொன்னது. அந்தத் தொகையைவிட, ‘தெனம்’ என்று அவர் அழுத்திச் சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது. இதை ஓசி என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள் அவர் பக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து வரலாம்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தச் சலுகை டவுன் பஸ்ஸுக்குத்தான். ஊர்விட்டு ஊர் போகும் ரூட் பஸ்ஸுக்குக் கிடையாது. அதனால் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் நேர் பஸ்ஸை விட்டுவிட்டு, வழியில் இறங்கி அந்தப் பக்கத்து டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். காசு மிச்சம், காலை நேரம் செலவு. லக்சம்பர்க்கிலும் கட்டணம் போனதும் கார்கள் காணாமல் போய்விடவில்லை. அந்த நாட்டில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவர்கள். எல்லைக்கு அப்பால் அந்த இலவசம் தொடராது. குன்னத்தில் இறங்கி மாறும் பெண்ணுக்கும் அவர்களுக்கும் சிக்கல் ஒன்றுதான். பயணம் ஒரே பயணம். அதை எல்லை போட்டு வெட்டிவிடுகிறார்கள்.

குன்னம் வந்ததும் உ.வே.சாமிநாதையர் நினைவு வராமல் இருக்காது. தமிழ் படிக்கும் ஆசைக்காக அவர் தந்தை குடும்பத்தை அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஆசிரியர் இருக்கும் ஊருக்கெல்லாம் நகர்த்திக்கொண்டே இருந்தார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். நடையும் மாட்டு வண்டியுமாக அவர்கள் அலைந்த மண்தான் இது. படிப்பு இருக்கும் இடத்துக்குக் குடும்பமே குடிபெயர வேண்டியிருந்தது. வேறு போக்குவரத்து இல்லை.

இன்று குன்னம் பஸ் நிறுத்தத்தில் சீருடைப் பெண்கள் கூட்டம். ஒரு பதினோராம் வகுப்புப் பெண், அரசு கொடுத்த சைக்கிளை டீக்கடைச் சுவரில் சாத்திப் பூட்டினாள். அங்கே ஏற்கெனவே வரிசையாகச் சைக்கிள்கள் நின்றன.

“வீட்டுலேர்ந்து இதுவரைக்கும் சைக்கிள், இங்கேர்ந்து பஸ்ஸுக்கா. கடைக்கார மாமா பாத்துக்குவாரு, காசு வாங்க மாட்டாரு.”

நெதர்லாந்தில் யூட்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிறுத்தும் மூன்றடுக்கு நிலையம் இருக்கிறது. சைக்கிளில் வந்து ரயிலேறுவதை ஒரு நாட்டின் வழக்கமாக்கியதற்குப் பின்னால் அப்படியான கட்டடங்களும் தனித் தடங்களும் இருக்கின்றன. குன்னத்தில் அந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கட்டடம்தான் இல்லை, ஒரு டீக்கடைக்காரரின் நல்ல மனசு இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். நம் பெண்களுக்குச் சைக்கிள் புதிதல்ல. தடம்தான் யாரும் போட்டுத் தரவில்லை. அந்தப் பெண் வரும் பாதையில் டிப்பர் லாரிகள் வருமா என்று கேட்டேன். “வரும்க்கா. சத்தம் கேட்டா எறங்கி நின்னுக்குவேன்.”

அரியலூர்

குன்னத்திலிருந்து கிழக்கே போகப் போகக் கரிசல் வெளுக்கிறது. அரியலூர் நெருங்குவதைப் புளியமரங்கள் சொல்லிவிடும். இலை பச்சையாக இருக்காது. மாவாகப் பொடிந்த சுண்ணாம்பு எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது. கயர்லாபாத், ரெட்டிபாளையம், கீழப்பழூர், தளவாய் என்று சிமெண்ட் ஆலைகளும் சுரங்கங்களும் சுற்றி நிற்கின்றன. அரசின் டான்செம் ஆலையும் இங்கேதான்.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இந்த நிலத்தின் மேல் கடல் நின்றது. அந்தக் கடலின் நத்தைகளும் சிப்பிகளும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. மேற்கே சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புதான் இன்று தமிழ்நாட்டின் கட்டடங்களாக எழுகிறது. சென்னையில் நான் ஏறும் மெட்ரோ தூணிலும் இந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம். அதைச் சுமந்து வந்த சாலையைப் பற்றி நாங்கள் நினைத்ததில்லை.

டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் பேச்சுக் கொடுத்தார். சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றுகிறவர்.

“மாசச் சம்பளம் இல்லீங்க, நடைக்கு இவ்வளவுன்னு. எத்தனை நடை அடிக்கிறனோ அத்தனை காசு. மெதுவாப் போறவன் வீட்ல அடுப்பு எரியாது. ஆனா ஸ்கூல் வுடுற நேரம் பாத்தா எனக்கே கையி நடுங்கும். எம் பொண்ணும் சைக்கிள்ளதான் போவுது.”

இந்தச் சாலைகளில் நடந்த சாவுகளை ஊர்க்காரர்கள் இடம் சொல்லி, ஆள் சொல்லி எண்ணுகிறார்கள். லாரிகளுக்கென்று தனிப் பாதை போடுங்கள் என்பது அரியலூரின் பழைய கோரிக்கை. டிரைவரைத் திட்டி இதில் பயனில்லை. நடைக்குக் கூலி என்ற கணக்கே வேகத்தை உண்டாக்குகிறது.

சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்களும் இதே நிலையில் இருந்தன. ஐரோப்பாவின் வடக்கும் தெற்கும் சரக்கு மாற்றிக்கொள்ள ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகள் வழியாக லாரிகள் ஓடின. 1994 பிப்ரவரியில் மக்கள் வாக்களித்து, கடந்துபோகும் சரக்கு ரயிலுக்கு மாற வேண்டும் என்று அரசமைப்பிலேயே எழுதினார்கள். 2001இலிருந்து கனரக லாரி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எடைக்கும் புகைக்கும் தக்கபடி கட்டணம். அந்தப் பணத்தின் பெரும்பகுதி ரயில் சுரங்கப்பாதைகளுக்குப் போனது. 57 கிலோமீட்டர் நீளமான கோத்தார்டு பாதை 2016இல் திறந்தது. லாரி எண்ணிக்கையைக் குறைக்க வைத்த இலக்கை அவர்கள் இன்னும் எட்டவில்லை. ஆனாலும் அந்த நாட்டின் வழியே ஆல்ப்ஸைக் கடக்கும் சரக்கில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்டவாளத்தில் போகிறது. சுற்றியுள்ள நாடுகளில் அப்படி இல்லை.

அரியலூரில் மலை இல்லை, குடைய வேண்டியதும் இல்லை. விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. சிமெண்ட் மூட்டைகள் இப்போதே சரக்கு ரயிலில் ஏறுகின்றன. மிச்சம் இருப்பது சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே உள்ள சில கிலோமீட்டர்கள்தான். அந்தத் தூரத்துக்கு மூடிய கன்வேயரோ ஊரைத் தொடாத தனிச்சாலையோ போட முடியாத காரியம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மருதையாறு

அரியலூர் ரயில் நிலையத்தில் வைகையும் பல்லவனும் நிற்கும். பெரம்பலூர்க்காரர்களும் ரயிலேற இங்கேதான் வருகிறார்கள். நடைமேடையில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பேத்தியை வழியனுப்ப வந்திருந்தார். மருதையாற்றுப் பாலத்தைப் பற்றி நான் கேட்கும் முன்பே அவர் சொல்லத் தொடங்கினார். வெளியூர்க்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1956 நவம்பர் 23, விடிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே பாலத்தில் கவிழ்ந்தது. ஆற்று வெள்ளம் கரையை அரித்துவிட்டிருந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். “எங்க அப்பாரு ஓடுனாரு, நான் சின்னப் பையன், பின்னாலயே போயி அடி வாங்குனேன். தண்ணி, தண்ணி, எங்க பாத்தாலும் தண்ணி” என்றார். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். தண்டவாளத்தில் செத்தவர்களுக்காக டெல்லியில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தார் என்பதைப் பெரியவர் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்.

அந்த விபத்து நடந்து நான்கு மாதத்தில், 1957 மார்ச் 25இல், ஆறு ஐரோப்பிய நாடுகள் ரோமில் ஓர் ஒப்பந்தம் போட்டன. போக்குவரத்துக்குப் பொதுக் கொள்கை வேண்டும் என்று அதில் தனிப் பகுதியே இருந்தது. எழுதினார்கள், ஆனால் செய்யவில்லை. ஒவ்வொரு நாடும் தன் லாரிக்காரரையும் தன் ரயிலையும் காத்துக்கொண்டது. கடைசியில் ஐரோப்பிய நாடாளுமன்றமே, அமைச்சர்கள் அவை கடமையைச் செய்யவில்லை என்று வழக்குப் போட்டது. 1985இல் நீதிமன்றம் அதை ஓரளவு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வேலை நகர்ந்தது. 2019இல் வந்த பசுமைத் திட்டம், போக்குவரத்துப் புகையை 2050க்குள் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவைக் காட்டி நம்மைத் தாழ்த்திப் பேசுகிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்வேன். அங்கேயும் காகிதம் காகிதமாகவே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கிடந்தது; கேட்க ஓர் அவை இருந்தது, விசாரிக்க ஒரு நீதிமன்றம் இருந்தது, அதனால் அசைந்தது.

ஜெயங்கொண்டம்

அரியலூரைத் தாண்டியதும் மண் சிவக்கிறது, முந்திரி தொடங்குகிறது. மாசி நெருங்குவதால் பூ வாசம் பஸ் ஜன்னலுக்குள் வருகிறது. பழுப்பு நிலக்கரிக்கென்று 1990களில் கையகப்படுத்தி, தோண்டாமலே கிடந்த நிலங்கள் இந்தப் பக்கம்தான். ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்தில் மினி பஸ்கள் வரிசையாக நின்றன. பெரிய பஸ் நுழையாத ஊர்களுக்கு 1997இல் வந்த திட்டம். 2025இல் புதுப்பித்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். இதில் பெண்களுக்கு இலவசம் இல்லை. ஆனாலும் கூட்டம் ஏறியது. ஊருக்குள் வருவது அதுதான்.

கங்கைகொண்ட சோழபுரம்

ராஜேந்திரனின் படை கங்கை வரை போய்த் திரும்பிய பின் கட்டிய தலைநகர். இவ்வளவு தூரம் ஒரு படை நடந்து போய் வந்தது என்றால் பாதைகள் இருந்திருக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் பெருவழிகள் பெயரோடு வருகின்றன; கோவைப் பக்கத்து ராஜகேசரிப் பெருவழிக்குக் கல்வெட்டே நின்று சாட்சி சொல்கிறது. இன்றைய பெருவழி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, திருச்சியிலிருந்து சிதம்பரத்துக்கு அகன்று ஓடுகிறது.

கோயில் வாசலில் முந்திரிப் பருப்பு விற்கும் அம்மாவிடம் கால் கிலோ வாங்கினேன். தோல் கருகாமல் பதமாக வறுத்தது. அவர் ஊர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி. சாயங்காலம்தான் கோயிலுக்கு ஆள் வரும். அந்த நேரத்துக்கு அவர் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும். அதனால் வியாபாரம் சூடு பிடிக்கும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், இல்லையென்றால் ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்.

“பஸ்ஸு சும்மா வுட்டது சந்தோசம்தாம்மா. ஆனா எனக்கு வேண்டிய நேரத்துல இல்லியே. ஒரு மனு எழுதித் தர்றியா? திங்கக்கெழம கலெக்டராபீசுல வாங்குவாங்க.”

படியில் உட்கார்ந்து எழுதினேன். மாலை ஏழரைக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு டவுன் பஸ், கோயில் வழியாக. எழுதிக்கொண்டிருக்கும்போதே பூ விற்கிறவரும் துப்புரவுப் பணி செய்யும் இன்னொருவரும் வந்து சேர்ந்தார்கள். பெரிய ரோட்டைக் கடக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு வழி வேண்டும் என்று பூக்காரம்மா சொன்னார். இரண்டாவதாக அதை எழுதினேன். மினி பஸ்ஸிலும் கட்டணமில்லாச் சீட்டு செல்ல வேண்டும் என்றார் துப்புரவுப் பணியாளர், மூன்றாவது. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை லாரி வரக்கூடாது என்று கடைசியில் எல்லாருமே சேர்ந்து சொன்னார்கள்.

படித்துக் காட்டினேன். “பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்னு போட்டிருக்கியே, அத எடுத்துரு. கேக்கறோம்னு மட்டும் போடு” என்றார் முந்திரிக்காரம்மா. மாற்றி எழுதினேன். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அரியலூர் போவது என்று அவர்களுக்குள் பேசி முடித்தார்கள். இன்னும் யார் யாரைக் கூட்டிப்போவது என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கியது.